ஏழாவது படிவரை கடல்

எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டிய ஓசூரில், சிப்காட்டுக்குப் பின்னால் முனிரெட்டி கட்டி வாடகைக்கு விட்டிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில், ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, இரண்டாவது மாடியில் குடியிருந்த ஜெனோவா உப்புத் தடவிய அயிலை மீனைத் தோல் பக்கம் அடியில் இருக்கும்படி தோசைக்கல்லில் வைத்தாள்; அந்த நேரத்தில், கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குக் கடல் வந்தது.

பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. தூண்களுக்கு நடுவே தண்ணீர் ஊறி, பைக்குகளின் சக்கரத்தை மூடி, சீட்டை மூடி, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி, ஏழாவது படியில் நின்று நுரை கட்டியது. கேட்டுக்கு வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை. தெருவில் பானிபூரி வண்டிக்காரர் எப்போதும்போல உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார்.

முதல் மாடியில் குடும்பத்தோடு இருந்த முனிரெட்டி வெளியே வந்து பார்த்துவிட்டு, "யாருப்பா மோட்டரைப் போட்டுட்டு மறந்தது?" என்று கத்தினார். மோட்டரை நிறுத்தினார். தண்ணீர் வடியவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "உப்பு" என்றார், போர் போட்டவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்ற முகத்தோடு. இருபது நிமிஷத்தில் தண்ணீர் வந்த மாதிரியே இறங்கிப் போயிற்று. பைக்குகள் முதல் உதையிலேயே கிளம்பின. தரையில் மெல்லிய வெள்ளைப் பூச்சாக உப்பு மட்டும் மிஞ்சியிருந்தது, அதை மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளினார்கள்.

அடுத்த செவ்வாயும் வந்தது, அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் எதிர் வீட்டுக் கவுசர். தையல் மெஷினை ஜன்னல் ஓரமாகப் போட்டு உட்காருகிறவள், எல்லார் வீட்டு அடுப்பும் அவள் மூக்குக்குத் தெரியும்.

"அக்கா, நீங்க மீனைக் கல்லுல வச்சா வருது. நீங்க சாப்பிட்டு முள்ளை ஓரம் ஒதுக்கினா போகுது. மூணு வாரமா பாக்கறேன்" என்றாள்.

ஜெனோவா யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. டிப்ளமா படித்தவள், கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. போன வருஷம் கம்பெனி அவளை எட்டு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி மிச்சிகோ, பகல் முழுக்கத் தபால் ஆபீசில் நின்றுவிட்டு வருகிற பெண், கோட்டைக் கழற்றி மாட்டிய இருபதாவது நிமிஷத்தில் மீனும் சோறும் மேசையில் வைத்துவிடுவாள். குழம்பு கொதிக்கக் காத்திருப்பதில்லை, மிளகாய் அரைப்பதில்லை. மீனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உப்புத் தடவிப் பத்து நிமிஷம் வைத்து, கசிகிற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த கல்லில் தோல் பக்கம் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புரட்டத் துடிக்கிற கையை மிச்சிகோ தட்டிவிடுவாள். தோல் தானாகக் கல்லை விட்டபின் ஒரே ஒரு தடவை திருப்பி, சோயா சாறும் இஞ்சிச் சாறும் துளி இனிப்பும் கலந்து மேலே ஊற்றினால், சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் துருவிய முள்ளங்கி. இனிப்புக்கு ஜெனோவா வெல்லம் போட்டாள். வேறு எதையும் மாற்றவில்லை.

இந்தச் சமையல் அவளுக்குப் பிடித்ததற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. அந்தக் கார்த்திகைவரை ஆறு வருஷமாக அவள் வீட்டில் மீன் கிடையாது.

அவள் புருஷன் தொபியாஸ் கடலில் வளர்ந்தவன். ஆறு வருஷத்துக்கு முன், வரமாட்டேன் என்ற தம்பி இஞ்ஞாசியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வள்ளம் ஏறினான். திரும்பி வரும்போது வள்ளம் கவிழ்ந்தது. தொபியாஸ் கரை சேர்ந்தான், இஞ்ஞாசி சேரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. நாற்பத்தோரு நாள் தொபியாஸ் கரையில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்திரண்டாவது நாள் எழுந்து வீட்டுக்கு வந்து, "கடல் கண்ணுல படாத ஊருக்குப் போயிருவோம் பிள்ள" என்றான். மறு வருஷம் அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அவன் ஒரு குடோனில் பளு தூக்கும் வண்டி ஓட்டினான். மீன் தின்பதில்லை, காலண்டரில் கடல் படம் இருந்தால் கிழித்துவிடுவான், சண்டை போடுவதில்லை, சிரிப்பதும் இல்லை. மத்தியான ஷிப்ட் முடித்து அவன் வருவதற்கு ஒன்பதாகும். அதற்குள் மீன் வாங்கி, சுட்டு, தின்று, கல்லைப் புளி போட்டுத் தேய்த்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட இருபது நிமிஷச் சமையல்தான் தோதுப்பட்டது. செவ்வாய்க்கிழமைதான் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி இறங்கும்.

ஆகவே முனிரெட்டி மொட்டை மாடியில் எல்லாரையும் கூட்டியபோது ஜெனோவா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தக் கட்டுப்பாடு வேணும்னாலும் போடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"கடல் வர்றதை எப்படிம்மா மறைக்கிறது?" என்றார் முனிரெட்டி.

"அவங்க வரும்போது அது போயிருக்கும்."

முதல் மாடியில் இன்னொரு வீட்டில் இருந்த சேஷாத்ரி, ரிடையரான போஸ்ட்மாஸ்டர், அந்த மூன்று வாரத்துக்குள் மீன் வாடை பற்றி முனிரெட்டிக்கு இரண்டு தடவை எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தவர், எழுந்து நின்று, "வாடையே பொறுக்கலை, இப்போ சமுத்திரமே வரதா?" என்றார். ஆனாலும் தெரு முழுக்க விஷயம் பரவி, அவருடைய பேரன் பேத்திகளே பெங்களூரிலிருந்து செவ்வாய்க்கிழமை பார்த்து வர ஆரம்பித்திருந்ததால், அவர் பேச்சு எடுபடவில்லை. செவ்வாய் சாயங்காலம் ஆறே முக்காலுக்குள் வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட வேண்டும், செருப்புகளை எட்டாவது படிக்கு மேல் வைக்க வேண்டும், வேறு நாளில் மீன் போடுவதாக இருந்தால் ஜெனோவா பால்கனியில் சிவப்புத் துண்டு தொங்கவிட வேண்டும், தொபியாசிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று முடிவாயிற்று.

மார்கழிக்குள் அது பழகிப்போயிற்று. தண்ணீர் லாரி வரும் நாள் மாதிரி, கரண்ட் போகும் நாள் மாதிரி, கடல் வரும் நாள். கடலை வாழ்நாளில் பார்த்திராத முனிரெட்டியின் மாமியார் நாற்காலி போட்டு எட்டாவது படியில் உட்கார்ந்து, காலை நனைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா, பெருசா சொன்னாங்க" என்றாள், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் கொலுசு கழுவ வந்தார்கள். கவுசரின் மகள் ரிஃபாவுக்கு முழங்கால் மடிப்பில் பிறந்ததிலிருந்து சொறி, ராத்திரியெல்லாம் சொறிந்து ரத்தம் வரும், எந்தக் களிம்பும் கேட்கவில்லை; நான்கு செவ்வாய் உப்புத் தண்ணீரில் நின்றபின் தோல் ஆறி, அந்தக் குழந்தை முதல் முறையாக விடியும்வரை தூங்கியது. விடிந்ததும் கவுசர் ஜெனோவா வீட்டுக் கதவைத் தட்டி, புதிதாகத் தைத்த இரண்டு தலையணை உறைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தை பிறந்ததும் சேஷாத்ரி வந்தார். மீன் நாறுகிற வீடு என்று அவர் அந்த வாசலை மிதித்ததே இல்லை. வெளியிலேயே நின்று, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினார்.

"வர வெள்ளிக்கிழமை தை அமாவாசைம்மா."

"சரிங்க சார்."

"ராமேஸ்வரம் போக உடம்பு இடம் கொடுக்கலை. அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட சமுத்திரத்துல நின்னு எள்ளும் தண்ணியும் விடலை."

ஜெனோவாவுக்குப் புரிந்தது, ஆனால் அவர் வாயால் சொல்லட்டும் என்று நின்றாள்.

"அன்னிக்குக் காலம்பற ஒரு ஏழரை மணிக்கு..." அவர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நீ அந்த மீனைப் பண்ண முடியுமா? ஒரே ஒரு துண்டு போட்டாப் போறும்."

"என் வீட்டுக்காரர் இருப்பாங்களே சார்."

"முனிரெட்டியை விட்டு அவரை ரேஷன் கடைக்குக் கூட்டிண்டு போகச் சொல்லியிருக்கேன்."

ஜெனோவா கம்பெனியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி, செவ்வாய்க்கிழமையே வாங்கிக் கவுசர் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மீனை, வெள்ளிக்கிழமை காலை கல்லில் போட்டாள். பஞ்சகச்சம் கட்டிய சேஷாத்ரி இடுப்பளவு தண்ணீரில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அம்மாவின் பெயரைச் சொல்லி எள்ளை விட்டார். புரோகிதர் எட்டாவது படியில் நின்று மந்திரம் சொன்னார். அவர் கொஞ்சம் நிதானமானவர். "மெதுவா சாப்பிடுங்கக்கா, இன்னும் ரெண்டு சுற்று பாக்கி இருக்கு" என்று கவுசர் வந்து சொல்ல, ஜெனோவா ஒரு துண்டு மீனை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி அரை மணி நேரம் தின்றாள்.

மாசியில் தொபியாசுக்கு ஷிப்ட் மாறியது. இனி காலை ஆறுக்குப் போய் மூன்றுக்கு வந்துவிடுவான். முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெனோவா அவனுக்கும் தனக்கும் தோசை வார்த்தாள். அடுத்த செவ்வாயும் தோசை. ஆறே முக்காலுக்கு வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தவர்கள், எட்டு மணிக்கு ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார்கள். நான்காவது வாரம் ரிஃபாவின் முழங்கால் மடிப்பு மறுபடி சிவந்தது. ஜெனோவா கவுசரைப் படியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டாள். கவுசரும் அப்படியே.

ஐந்தாவது செவ்வாய் முனிரெட்டியின் மாமியாரே மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள். திறந்தது தொபியாஸ்.

"ஏம்ப்பா, உம் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லையா? ஏன் கடல் வரமாட்டேங்குது?"

அவளிடம் யாரும் வாக்கு வாங்கியிருக்கவில்லை.

"என்ன கடல்?" என்றான் தொபியாஸ்.

கிழவி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல, மேலும் கீழும் கதவுகள் திறந்து, படிக்கட்டில் ஆட்கள் வந்து நின்றார்கள். தொபியாஸ் கேட்டு முடித்துவிட்டு உள்ளே வந்தான். ஜெனோவா தோசைக் கரண்டியோடு அடுப்படியில் நின்றிருந்தாள்.

"எத்தன மாசமா?"

"கார்த்திகையிலருந்து."

"எங்கிட்டச் சொல்லல."

"எப்படிச் சொல்லச் சொல்லுதீய? கடல்னு ஒரு வார்த்த இந்த வீட்டுல சொல்ல முடியுமா? எனக்கு மீன் வேணும்னுகூடச் சொல்ல முடியாதே" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. "இஞ்ஞாசி எனக்கும் கொழுந்தன்தான். கையால சோறு போட்டவ நான். நீங்க ஒருத்தர் மட்டுமா தொலைச்சீய?"

தொபியாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். படியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் போய்விட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆறரை மணிக்கு ஒரு அயிலையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து அதை அடுப்படித் தொட்டி ஓரத்தில் வைத்தான்.

"போடு" என்றான்.

அவள் பிளந்து, உப்புத் தடவி, பத்து நிமிஷம் வைத்து, துணியால் ஒற்றினாள். அவசரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கிழிந்தது. கல்லில் தோல் பட்ட சத்தம் கேட்டதும் தொபியாஸ் படியிறங்கினான். எட்டாவது படியில் கிழவி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் வந்தது. தூண்களைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி, அவன் கால் கட்டைவிரலுக்குக் கீழே வந்து நின்றது. அவன் குந்தி உட்கார்ந்து, ஒரு கை அள்ளி மோந்து பார்த்தான். நாக்கில் வைத்தான். துப்பிவிட்டு இன்னொரு கை அள்ளினான். படிக்கட்டில் நின்றவர்கள் டாக்டர் வாயைப் பார்ப்பதுபோல அவன் வாயைப் பார்த்தார்கள்.

"இது நம்ம கடல் இல்ல" என்றான்.

"கடல் எல்லாம் ஒண்ணுதானேப்பா" என்றார் முனிரெட்டி.

"யாரு சொன்னா? இது குளிர்ந்து கிடக்கு. பாசி வாடை வேற. நுரையைப் பாருங்க, பொடி நுரை. இந்தத் தண்ணிய நான் பார்த்ததே இல்ல." பேசப் பேச அவன் குரல் மாறியது. "இது எங்கயோ தூரத்துக் கடல். இதுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

சேஷாத்ரிக்கு முகம் வெளுத்தது. "அப்போ அமாவாசைக்கு எங்கம்மாவுக்கு நான் விட்ட எள்ளும் தண்ணியும்?"

தொபியாஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தான். "போய்ச் சேரும் சாமி. கொஞ்சம் சுத்திப் போகும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி கிழவியின் நாற்காலியில் போட்டான். ஆறாவது படியில் இறங்கினான், ஐந்தாவதில் இறங்கினான், நெஞ்சளவு வந்ததும் தண்ணீருக்குள் சாய்ந்தான். தூண்களுக்கு நடுவே, மேல்தளத்து விளக்கின் அடியில், மீட்டர் பெட்டி வரை போய்த் திரும்பி ஒரு சுற்று நீந்தினான். ரிஃபா கைதட்டினாள். ஏறி வந்தவன் சொட்டச் சொட்ட நேராகத் தன் வீட்டுக்குப் போய் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஜெனோவா தட்டில் பாதி மீனும் முள்ளங்கித் துருவலும் வைத்தாள். அவன் மீனைத் தின்றான். முள்ளங்கியை ஒரு வாய் தின்றுவிட்டு ஓரம் தள்ளினான். "இது எதுக்கு?" என்றான். "அங்க அப்படித்தான் திம்பாங்க" என்றாள். அவன் முள்ளை ஒதுக்கியபோது கீழே கடல் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகள் திரும்பி வந்தன. தொபியாசே மார்க்கெட்டுக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கினான், ரிஃபாவை இடுப்பில் கயிறு கட்டித் தண்ணீரில் மிதக்கப் பழக்கினான், கிழவிக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். பங்குனி கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்:

"நாளைக்கி நம்ம குழம்பு வை பிள்ள."

ஜெனோவா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "வேண்டாம். நம்ம கடல் வந்திருச்சுன்னா?"

"வரட்டும். அதுகிட்ட ஒண்ணு கேக்கணும்."

விஷயம் ஒரு மணி நேரத்தில் கட்டடம் முழுக்கப் போயிற்று. வரப்போவது வேறு கடல், ஆள் விழுங்கிய கடல், ஏழாவது படியில் நிற்கும் என்று சொல்ல முடியாது என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் முனிரெட்டி முதல் மாடிச் சாமான்களையெல்லாம் பரண் மேல் ஏற்றினார். கவுசர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். சேஷாத்ரி வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார், ஆனால் பஸ் ஏறவில்லை. தொபியாசை வீட்டைக் காலி பண்ணிப் போகச் சொல்ல முனிரெட்டிக்கு ஒரு வார்த்தை போதும், அவர் சொல்லவில்லை.

ஜெனோவா லீவு போட்டு, தேங்காய் துருவி, மிளகாயும் மல்லியும் சீரகமும் சேர்த்து அரைத்து, புளி கரைத்து, மாங்காய் கீறிப் போட்டு, மண்சட்டியில் குழம்பு கூட்டினாள். இந்த வேலைக்கு இருபது நிமிஷம் போதாது, இரண்டு மணி நேரம் ஆயிற்று. மணம் மூன்று மாடியும் ஏறித் தெருவுக்குப் போயிற்று. தொபியாஸ் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, சாட்சி சொல்லப் போகிறவன் மாதிரி ஏழாவது படியில் போய் உட்கார்ந்தான். ஏழு மணிக்கு அவள் மீன் துண்டுகளைக் கொதிக்கிற குழம்பில் போட்டாள்.

ஒன்றும் வரவில்லை.

மீன் வெந்தது. அடுப்பை அணைத்தாள். ஏழரை ஆயிற்று. கீழே தரை காய்ந்து கிடந்தது, ஒரு பூனை தூணைச் சுற்றிப் போயிற்று. ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். சேஷாத்ரி தெருவிலிருந்து வந்து, தொபியாசைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி அவன் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் யாரையும் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

ஜெனோவா இறங்கி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன கேக்கணும்னு நெனச்சீய?"

"எங்க வச்சிருக்கன்னு கேக்கணும். அவ்வளவுதான். திருப்பிக் குடுன்னு கேக்க மாட்டேன், அது குடுக்காது. எங்க வச்சிருக்கன்னு மட்டும்." அவன் காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தலையை ஆட்டினான். "அது வராது பிள்ள. நம்ம மூஞ்சில முழிக்க அதுக்கு வெக்கம்."

அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். மேலே போய்ச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, தலைத் துண்டை அவன் தட்டில் வைத்தாள். அவன் தின்றான். மறுபடி சோறு கேட்டான். மூன்றாவது முறை போடும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சேர்ந்து தட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஆறு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உப்பு போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"போதும்" என்றான்.